சைடுகார் மாட்டிய பைக்கில் பெட்ரோலை மிச்சப்படுத்துவது எப்படி?

சைடுகார் மாட்டிய பிறகு முதல் தடவை டேங்கை நிரப்பும்போது ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். நேற்று வரை லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இன்று 22 கொடுக்கிறது. எங்கேயோ ஒழுகுகிறதோ என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்போம். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

மூன்றாவது சக்கரம், ஓர் ஆள் உட்காரும் கூடு, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் மைலேஜ் கால் பங்கிலிருந்து பாதி வரை குறைவது வழக்கம்தான். அதில் பெரும்பகுதி கொடுத்தே ஆகவேண்டிய விலை. எந்த வித்தையும் அதைத் திருப்பித் தராது. மிச்சம் இருப்பது நம் கவனக்குறைவால் போவது. அதை மட்டும்தான் மீட்க முடியும். புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் கை வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். கார்புரேட்டரைத் திருகுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், யாரோ சொன்ன எண்ணெயை ஊற்றுவார்கள். என் அனுபவத்தில் வரிசை வேறு: முதலில் சக்கரங்கள், அடுத்து காற்றுத் தடை, அதற்கடுத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கும் நம் வலது கை. எஞ்சின் கடைசி.

அளக்காமல் எதையும் தொடாதீர்கள்

ஃபுல் டேங்க் கணக்குதான் நம்பத்தக்கது. டேங்கை நிரப்புங்கள், மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், குறைந்தது 200, 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள், மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். வெறும் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கணக்குப் போட்டால், டேங்கின் கழுத்தில் ஒரு விரல்கடை கூடக்குறைய நிரப்பியதே விடையைப் பாழாக்கிவிடும்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. சைடுகார் வண்டி ஸ்டாண்டில் சாய்ந்து நிற்பதில்லை. எப்போதும் ஒரே நிலையில்தான் நிற்கும். ஆனால் தரை சரிவாக இருந்தால் டேங்குக்குள் பெட்ரோலும் சரிந்துதான் நிற்கும். அதனால் முடிந்தவரை ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், வண்டியை ஒரே திசையில் நிறுத்தி நிரப்புங்கள். மூடி வரை ததும்பத் ததும்ப ஊற்றவேண்டாம். வெயிலில் நின்றால் பெட்ரோல் விரிந்து வழியும்.

அடுத்தது மீட்டர். பல பேர் ஏமாறும் இடம் இது. சைடுகாருக்காக முன் ஸ்ப்ராக்கெட்டை (எஞ்சின் பக்கம் செயினை இழுக்கும் பற்சக்கரம்) ஒரு பல் குறைத்திருந்து, ஸ்பீடோமீட்டருக்கான கணக்கு கியர்பாக்ஸிலிருந்து எடுக்கப்படும் வண்டியாகவும் இருந்தால், மீட்டர் அன்றிலிருந்து பொய் சொல்லும். 15 பல்லை 14 ஆக்கினால் நிஜமாக 100 கிலோமீட்டர் ஓடியதை 107 என்று காட்டும். மைலேஜும் அதே அளவுக்கு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். முன் சக்கரத்திலிருந்து கேபிள் வரும் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முன் டயரை வேறு அளவுக்கு மாற்றியிருந்தால் அங்கேயும் கணக்கு இடிக்கும். போனில் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு, நேர்சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மூன்று தடவை நிரப்பிப் பார்த்து வரும் சராசரிதான் உங்கள் தொடக்க எண். அது இல்லாமல் எதைச் செய்தாலும் பலன் இருந்ததா இல்லையா என்று கடைசி வரை தெரியாது.

பெட்ரோல் போகும் மூன்று வழிகள்

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்படவேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் வெளியே போய்விடும். சக்கரம் வரை கால் பங்கு வந்து சேர்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால், ஒரு லிட்டருக்கு 8 மெகாஜூல். வண்டி, சைடுகார், ஓட்டுபவர் எல்லாம் சேர்த்து 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இந்த 350 கிலோவைக் கொண்டுபோக ஏறக்குறைய 6 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். பிரேக் பிடிக்கும்போது அந்தத் தேக்கரண்டி அப்படியே பிரேக் ஷூவில் சூடாகக் கரைந்துவிடும். நகரத்துக்குள் 100 தடவை இப்படி நின்று கிளம்பினால் அரை லிட்டருக்கு மேல் போச்சு.

இரண்டாவது, சக்கரங்கள் உருளும்போது ஏற்படும் தடை. எல்லாம் சரியாக இருந்தால் கிலோமீட்டருக்கு 8, 9 மில்லிலிட்டர். சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது காற்று. தனி பைக் காற்றைக் கத்திபோலக் கிழித்துக்கொண்டு போகும் என்றால், சைடுகார் அதன் பக்கத்தில் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவதுபோல. சைடுகார் வண்டிக்கான தோராயமான அளவு ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விலக்க மட்டும் கிலோமீட்டருக்கு 21 மில்லிலிட்டர் ஆகிறது. அதே வண்டி 80ல் போனால் 37. உங்கள் வண்டியின் வடிவத்தைப் பொறுத்து இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் விகிதம் மாறாது: காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60லிருந்து 80க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுத் தடை 1.8 மடங்கு ஆகிவிடுகிறது.

நெடுஞ்சாலையில்தான் அதிகம் ஓட்டுகிறீர்கள் என்றால் உங்கள் எதிரி காற்று. ஊருக்குள்தான் என்றால் எடையும் பிரேக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் வேலை: தூக்கிச் சுற்றிப் பாருங்கள்

சைடுகார் சக்கரத்தை ஜாக் வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் பல சுற்று ஓடி மெதுவாக நிற்கவேண்டும். இரண்டு சுற்றில் நின்றுவிட்டாலோ, உராயும் சத்தம் கேட்டாலோ பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரகரவென்று கையில் உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. பின் சக்கரத்தையும் முன் சக்கரத்தையும் இதேபோலப் பாருங்கள்.

நான் பட்ட பாடு இது. சைடுகார் பிரேக்கும் பின் பிரேக்கும் ஒரே பெடலில் இணைந்திருக்கும் வண்டி என்னுடையது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக் இணைப்புக் கம்பியில் கொஞ்சம்கூடத் தளர்வு விடாமல் இறுக்கிவிட்டார். நான் பெடலை மிதிக்காதபோதும் பிரேக் ஷூ சக்கரத்தின் டிரம்மில் உரசிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் கார்புரேட்டரை நோண்டினேன். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிச் சைடுகார் சீட்டில் வைக்கக் குனிந்தபோது, சக்கரத்தின் பக்கமிருந்து அடுப்படிபோல அனல் அடித்தது. கம்பியை இரண்டு சுற்று தளர்த்தினேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி வந்து நிறுத்தியதும் மூன்று சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பேன். தொடவேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கேதான் பெட்ரோல் எரிகிறது.

செயின் வண்டியாக இருந்தால் தொய்வை வழக்கமான சுமை ஏற்றிய நிலையில் ஒரு தடவை பாருங்கள். சைடுகார் எடையில் பின் சஸ்பென்ஷன் இறங்கும்போது செயின் இறுகிவிடும். விறைப்பான செயின் மைலேஜையும் தின்னும், கியர்பாக்ஸ் பேரிங்கையும் தின்னும்.

டோ-இன்: பத்து மீட்டர் பக்கவாட்டு இழுவை

சைடுகார் சக்கரம் பைக்கின் சக்கரங்களுக்கு நூல் பிடித்ததுபோல இணையாக இருக்காது. முன்பக்கம் கொஞ்சம் பைக்கை நோக்கித் திரும்பியிருக்கும். இதைத்தான் டோ-இன் என்கிறார்கள். சைடுகாரின் இழுவை வண்டியை எப்போதும் தன் பக்கமே திருப்பப் பார்க்கும். அதைச் சமன் செய்யத்தான் இந்த உள்திருப்பம். பொதுவாக 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை வைப்பார்கள். உங்கள் சைடுகாரைச் செய்தவர்கள் ஓர் அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

இது பெட்ரோலோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது? 2 மீட்டர் நீளத்துக்கு 20 மில்லிமீட்டர் திருப்பம் என்றால் நூற்றுக்கு ஒன்று. அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால், சைடுகார் சக்கரத்துக்கும் பைக்குக்கும் இடையே 10 மீட்டர் அளவு பக்கவாட்டு இழுபறி நடக்கிறது. டயர் ரப்பர்தான் அதைத் தாங்குகிறது. 40 மில்லிமீட்டர் வைத்துவிட்டால் 20 மீட்டர். 100 கிலோமீட்டர் பயணத்தில் 2 கிலோமீட்டர் தூரம் டயரைக் குறுக்கே தேய்த்துக்கொண்டு போனதுபோல. ரப்பரும் போகும், பெட்ரோலும் போகும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வளைவில்லாத இரண்டு அலுமினியக் குழாய், ஒவ்வொன்றும் பைக்கை விட நீளமாக, நாலைந்து மரக்கட்டை, ஓர் அளவுநாடா. இவ்வளவுதான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். டயர்களில் சரியான காற்று இருக்கவேண்டும். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிவிடுங்கள், ஓட்டுபவர் எடைக்குச் சமமாக யாரையாவது உட்காரவையுங்கள். ஒரு குழாயைக் கட்டைகள்மேல் வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பைக்கின் டயர்களை ஒட்டிப் பிடியுங்கள். பின் டயரின் இரண்டு விளிம்பிலும் அது படவேண்டும். முன் டயர் பெரும்பாலும் பின் டயரைவிட ஒல்லியாக இருக்கும், ஆகவே அங்கே சிறு இடைவெளி தெரியும். அந்த இடைவெளி முன் டயரின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஒரே அளவாக இருக்கும்படி ஹாண்டிலை நேராக்குங்கள். இன்னொரு குழாயை அதே உயரத்தில் சைடுகார் சக்கரத்தின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். இப்போது இரண்டு குழாய்க்கும் நடுவிலுள்ள தூரத்தை, முன் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் அளந்துகொள்ளுங்கள். முன்னால் அளந்தது குறைவாக இருக்கும். வித்தியாசம்தான் டோ-இன். அளந்த இரண்டு இடத்தையும் குழாயில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அதே இடத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

மாற்றுவதாக இருந்தால் ஒரே தடவையில் பெரிதாக மாற்றவேண்டாம். 5 மில்லிமீட்டர் மாற்றி, எல்லா நட்டையும் இறுக்கி, மறுபடி அளந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இறுக்கும்போதே அளவு நகரும் என்பதால் இறுக்கிய பிறகு அளப்பதைத் தவறவிடாதீர்கள்.

சரியாக இருக்கிறதா என்று டயரே சொல்லும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சைடுகார் டயர்மேல் குறுக்காக உள்ளங்கையைத் தடவுங்கள். உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழவழப்பாகவும், வெளியேயிருந்து உள்ளே தடவினால் ரம்பம்போலவும் இருந்தால் (அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால்) திருப்பம் தவறு.

லீன்-அவுட் என்று இன்னோர் அளவு உண்டு: பைக் சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் ஒன்று, இரண்டு பாகை சாய்ந்திருப்பது. வண்டி உங்கள் வழக்கமான வேகத்தில் சைடுகார் பக்கமே இழுத்துக்கொண்டு போனால் முதலில் பார்க்கவேண்டியது இதை. டோ-இன்னைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். சோதிக்கும்போது சாலையின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருப்பதையும் கணக்கில் எடுங்கள். சரிவில் எந்த வண்டியும் ஓரத்துக்குத்தான் இழுக்கும்.

டயர்

காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வாரம் ஒரு தடவை. தனி பைக்குக்குக் கையேட்டில் போட்டிருக்கும் அளவு சைடுகார் வண்டியின் பின் டயருக்குப் போதாது, ஏனென்றால் அந்த டயர் இப்போது கூடுதலாகச் சுமக்கிறது. இருவர் உட்காரும்போது பின் டயருக்குச் சொல்லப்பட்ட அளவிலிருந்து தொடங்கலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள். சைடுகார் டயருக்குச் சுமை குறைவு, அதனால் காற்றும் குறைவாகப் போதும்; ஆள் ஏறும் நாளில் கூட்டவேண்டும்.

அதிகக் காற்று அதிக மைலேஜ் என்று கல்போல அடித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். காலியான சைடுகார் அப்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளும். துள்ளுகிற சக்கரம் சாலையைப் பிடிப்பதில்லை. எனக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

மண் சாலைக்கான கட்டை போட்ட டயரைத் தார்ச் சாலையில் ஓட்டினால் மைலேஜ் குறையும், ஒலியும் காதைத் துளைக்கும். வண்டி சாயாமல் ஓடுவதால் சாதாரண பைக் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேயும். அதனால்தான் பழைய ஆட்கள் தட்டையான முகம் உள்ள டயரைத் தேடிப் போடுகிறார்கள்.

காற்றுக்கு வழிவிடுங்கள்

ஆள் இல்லாத சைடுகார் ஒரு திறந்த வாளி. முன்னால் வரும் காற்று உள்ளே இறங்கிச் சுழன்று, வெளியேற வழியில்லாமல் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். திறப்பை இழுத்து மூடும் உறை ஒன்று போடுங்கள். தொளதொளவென்று படபடக்கும் உறை போட்டும் பிரயோசனமில்லை. மேளத்தோல்போல விறைப்பாக இருக்கவேண்டும். பயணி இல்லாத நாளில் சைடுகாரின் கண்ணாடித் தடுப்பை மடக்கவோ கழற்றவோ முடிந்தால் அதையும் செய்யுங்கள். நிமிர்ந்து நிற்கும் அகலமான கண்ணாடி நெடுஞ்சாலையில் ஒரு சிறு பாராசூட்.

சாமானைக் கூட்டின்மேல் கட்டாதீர்கள், உள்ளே வையுங்கள். கனமானதை சைடுகார் சக்கரத்தின் பக்கமாக, தாழ்வாக வைத்தால் நிலைத்தன்மைக்கும் நல்லது. கூடாரம், படுக்கைச் சுருள் எல்லாவற்றையும் பின்னால் கோபுரம்போல அடுக்கிப் படம் எடுத்துக்கொள்வது அழகுதான். அந்தக் கோபுரத்துக்கும் பெட்ரோல் ஊற்றவேண்டும்.

மணல் மூட்டையைக் கழற்றாதீர்கள்

புதிதாக ஓட்டுபவர்கள் காலியான சைடுகாருக்குள் 30, 40 கிலோ மணல் மூட்டை வைத்து ஓட்டுவது வழக்கம். சைடுகார் இருக்கும் பக்கமாக வளைவில் திரும்பும்போது அந்தச் சக்கரம் காற்றில் எழும்பும். மூட்டை அதை அழுத்திப் பிடிக்கிறது. மைலேஜ் குறைகிறதே என்று இதைத்தான் பலர் முதலில் இறக்குகிறார்கள்.

முன்பு சொன்ன அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 கிலோவை 100 கிலோமீட்டர் உருட்ட ஏறக்குறைய 75 மில்லிலிட்டர். வழியில் 50 தடவை 60லிருந்து நின்று கிளம்பினாலும் இன்னொரு 25. மொத்தம் 100 மில்லிலிட்டர், ஒரு டம்ளர் காணாது. வேகத்தை 80லிருந்து 60க்குக் குறைத்தால் அதே 100 கிலோமீட்டரில் ஒன்றரை லிட்டர் மிச்சம். மூட்டை இருக்கட்டும். உங்களுக்கு வளைவுகள் கைவந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

தூக்கி எறியவேண்டியது வேறு இருக்கிறது. சைடுகாரின் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். எப்போதோ போட்ட கருவிப்பெட்டி, பழைய செயின், பாதி எண்ணெய் டப்பா, ஈரத் தார்ப்பாய். இடம் இருக்கிறது என்பதற்காகவே சேரும் எடை இது. என் பெட்டியிலிருந்து ஒரு முறை 14 கிலோ வந்தது.

கியர் விகிதம்

தனி பைக்குக்காகத் தீர்மானித்த கியர் விகிதம் சைடுகாருக்கு உயரமாகிவிடும். டாப் கியரில் லேசான ஏற்றத்துக்கே எஞ்சின் முக்கும். நீங்கள் ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்குவீர்கள். ஆர்பிஎம் குறைவாக இருக்கிறதே, பெட்ரோல் மிச்சம்தானே என்று தோன்றும். முழுக்கத் திறந்த நிலையில் எஞ்சினுக்குப் பெட்ரோல்-காற்றுக் கலவை கெட்டியாகத்தான் (பெட்ரோல் கூடுதலாக) போகும், சூடும் ஏறும். மிச்சம் எதுவும் இல்லை.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது மலிவான தீர்வு. முன்னால் 15 பல், பின்னால் 45 என்றிருந்தது 14க்கு 45 ஆனால் விகிதம் 3லிருந்து 3.21 ஆகிறது, ஏறக்குறைய 7 சதவீதம். பின்னால் மூன்று பல் கூட்டினாலும் கிட்டத்தட்ட இதே பலன். அதற்குமேல் போனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும், அதுவும் நஷ்டம். சோதனை எளிது: உங்கள் வழக்கமான வேகத்தில், சமதரையில், டாப் கியரில் போகும்போது இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வண்டி முனகாமல் வேகம் எடுக்கவேண்டும். எடுத்தால் சரி, விகிதத்தைத் தொடவேண்டாம்.

இதே சோதனையில் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கூடுதல் எடையை இழுக்கும் கிளட்ச் தனி பைக்கைவிடச் சீக்கிரம் தேயும்.

எஞ்சின், கடைசியாக

ஏர் ஃபில்டர் சுத்தம், வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், கையேடு சொல்லும் கனத்தில் எண்ணெய். இவை எல்லா பைக்குக்கும் பொது, நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: மைலேஜுக்காகக் கலவையை மெலிதாக்காதீர்கள். சைடுகார் இழுக்கும் எஞ்சின் எந்நேரமும் சுமையில் இருக்கிறது. பெட்ரோல் குறைந்த கலவையில், சுமையில், எரிப்பு அறையின் சூடு எகிறும். காற்றால் குளிரும் எஞ்சினில் பிஸ்டன் உருகி ஓட்டை விழும்வரை போகலாம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் கலவை கெட்டி, சரிசெய்தால் கொஞ்சம் மிச்சமாகும். சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் மைலேஜை மறந்துவிட்டு உடனே கெட்டியாக்குங்கள்.

ஓட்டும்போது

வண்டி சரி, இனி ஓட்டுபவர். சைடுகாரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி சைடுகார் பக்கம் இழுக்கும். மூடினால் எதிர்ப்பக்கம் தள்ளும். புதியவர்கள் முறுக்கி மூடி, முறுக்கி மூடி ஓட்டுவதால் ஒவ்வொரு முறையும் ஹாண்டிலைத் திருத்தவேண்டியிருக்கிறது. நேர்சாலையிலேயே வண்டி பாம்புபோல நெளியும். கையை நிதானமாக வைத்துக்கொள்ளப் பழகினால் தோள்வலி குறையும், கூடவே பெட்ரோலும் குறையும்.

வேகத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். நெடுஞ்சாலையில் 65, 70ஐ உங்கள் வேகமாக வைத்துக்கொள்ளுங்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை.

சிக்னல் தூரத்தில் சிவப்பாக இருப்பது தெரிந்தால் அங்கேயே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். கனமான வண்டி தானாகவே வெகுதூரம் ஓடும். நிற்பதற்குள் பச்சை விழுந்துவிட்டால் அந்தத் தேக்கரண்டியில் பாதியாவது மிச்சம். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியைக் கூட்டிவைத்தால் அவர்கள் பிடிக்கும் ஒவ்வொரு பிரேக்குக்கும் நாமும் பிடிக்கவேண்டியதில்லை. கிளம்பும்போது கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறுமவிடாமல், முதல் கியரில் மெதுவாக நகர்ந்து முழுக்க விட்டுவிட்டு அப்புறம் முறுக்குங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது தப்பு. எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் இந்த எடையை பிரேக்கால் மட்டும் நிறுத்தவேண்டிவரும். டிரம் பிரேக் சூடாகிக் கைவிடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை மூடினால், ஆர்பிஎம் ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில் ஐட்லிங் ஓட பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இந்த லாபம் இல்லை, ஆனாலும் கியரில்தான் இறங்கவேண்டும்.

வளைவுகளில் மைலேஜை யோசிக்காதீர்கள். பிரேக் பிடித்து இழந்த வேகத்தை மீட்க பெட்ரோல் போகிறதே என்று வேகமாகத் திரும்பினால், எழும்பும் சக்கரத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது.

யூரல் போன்ற சில வண்டிகளில் சைடுகார் சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வசதி உள்ள மாடல்கள் உண்டு. லீவரைப் போட்டால் பின் சக்கரமும் சைடுகார் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுழலும். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. சேறு, மணல், பனியில் அது வரப்பிரசாதம். தார்ச் சாலைக்கு ஏறியதும் கழற்றிவிடவேண்டும். மறந்தால் டயர் தேயும், ஹாண்டில் திரும்ப மறுக்கும், டேங்க் காலியாகும்.

நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு சொல்: ஆள் இருந்ததா, ஊருக்குள்ளா வெளியேவா. மைலேஜ் திடீரென்று விழுந்தால் முதலில் சக்கரங்களின் சூடு, அடுத்து டயர் காற்று, அதற்கடுத்து பிளக்கின் நிறம். இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதைத் தாண்டாது.

நான் பின்னாளில் இன்னொரு கட்டமும் சேர்த்தேன்: காற்று எந்தப் பக்கம். ஒரு பயணத்தில் 22லிருந்து 17க்கு விழுந்துவிட்டது. இரவெல்லாம் தங்கிய இடத்தின் வாசலில் உட்கார்ந்து பிரேக்கைப் பிரித்தேன், டோ-இன்னை அளந்தேன், பிளக்கை மாற்றினேன். எதிலும் குறையில்லை. மறுநாள் அதே சாலையில் திரும்பி வந்தபோது 26. போகும்போது எதிர்காற்று.